கண்ணாடி தராத பார்வை: கான்டாக்ட் லென்ஸ் யாருக்கு, எந்த வகை, எவ்வளவு கவனம்?

கான்டாக்ட் லென்ஸ் என்றதும் நம்மில் பலருக்கும் நினைவுக்கு வருவது திருமணம்தான். பெண் பார்க்க வருகிறார்கள், வரவேற்பில் புகைப்படம் எடுக்கிறார்கள், அந்நேரத்தில் முகத்தில் கண்ணாடி வேண்டாமே என்று லென்ஸ் கேட்டு வருவோர் ஆண்டு முழுவதும் உண்டு. அதில் தவறேதும் இல்லை. ஆயினும் கருவிழிச் சிகிச்சைப் பிரிவில் லென்ஸ் பொருத்திக்கொள்வோரில் பலர் தோற்றத்துக்காக வருபவர்கள் அல்லர். எந்தக் கண்ணாடியை மாற்றினாலும் எழுத்துகள் நிழலோடு இரட்டையாகவே தெரிகின்றன என்று சொல்லும் கல்லூரி மாணவருக்கும், பிறவிக் கண்புரைக்கு அறுவை செய்யப்பட்ட மூன்று மாதக் குழந்தைக்கும், கடுமையான மருந்து ஒவ்வாமைக்குப் பின் கண்ணீர் வற்றி, வெளிச்சத்தைப் பார்க்க இயலாமல் தலை குனிந்தே நடந்துவரும் பெண்ணுக்கும் லென்ஸ் என்பது சிகிச்சை.

இக்கட்டுரையை வாசிப்போர் இரண்டு செய்திகளை மனத்தில் கொள்ள வேண்டும் என்பது எம் விருப்பம். கண்ணாடியால் பயனில்லை என்று மருத்துவர் சொன்னால், இனி வழியே இல்லை என்று அதற்குப் பொருளில்லை. அடுத்து, லென்ஸ் உயிருள்ள ஒரு திசுவின் மேல் அமர்கிறது. கண்ணாடியால் இயலாததை அது செய்வதற்குக் காரணம் அந்தத் தொடுகையே. கவனக்குறைவால் அது கண்ணைக் கெடுப்பதற்குக் காரணமும் அதே தொடுகைதான்.

கருவிழியும் அதன் மூச்சும்

கண்ணின் முன்புறத்தில் கைக்கடிகாரத்தின் கண்ணாடி போல் வளைந்து தெளிவாக இருக்கும் பகுதியே கருவிழி. நடுப்பகுதியில் அதன் தடிமன் ஏறத்தாழ அரை மில்லிமீட்டர். ஒளியைக் குவித்து விழித்திரையில் விழச் செய்யும் ஆற்றலில் மூன்றில் இரண்டு பங்கு இதனுடையது. எனவே இதன் வளைவில் சிறிது மாறுதல் ஏற்பட்டாலும் பார்வை பெரிதும் மாறிவிடும்.

கருவிழியில் இரத்தக் குழாய்கள் இல்லை. இருந்திருந்தால் அது தெளிவாக இருக்க இயலாது. தனக்கு வேண்டிய ஆக்சிஜனைக் கண்ணீர்ப் படலத்தின் வழியே காற்றிலிருந்து அது நேரடியாகப் பெறுகிறது. நாம் உறங்கும்போது இமை மூடியிருப்பதால் இந்த வரவு வெகுவாகக் குறைகிறது. மூடிய இமைக்கும் கருவிழிக்கும் இடையே லென்ஸும் இருந்தால் அது மேலும் குறையும். லென்ஸோடு உறங்காதீர்கள் என்று மருத்துவர்கள் திரும்பத் திரும்பச் சொல்வதற்கு இதுவே அடிப்படைக் காரணம்.

லென்ஸின் வரலாற்றையும் இந்த மூச்சின் வரலாறாகவே காணலாம். 1888இல் அடால்ஃப் ஃபிக் என்னும் ஜெர்மானிய மருத்துவர் விவரித்த லென்ஸ், கண்ணாடியால் செய்யப்பட்டு வெண்விழி வரை மூடிய கனத்த ஓடு. சில மணி நேரத்துக்கு மேல் அதைத் தாங்க இயலவில்லை. 1961இல் செக் வேதியியலாளர் ஓட்டோ விக்டர்லே, குழந்தைகள் விளையாடும் கட்டுமானப் பொம்மைத் துண்டுகளைக் கொண்டு தம் வீட்டிலேயே ஒரு சுழல்கருவியை அமைத்து, நீரை உறிஞ்சி மென்மையாகும் லென்ஸை வார்த்தெடுத்தார். 1990களின் இறுதியில் சிலிக்கோன் கலந்த மென்மையான லென்ஸ்கள் வந்தபின் ஆக்சிஜன் கருவிழியை அடைவது பன்மடங்கு எளிதாயிற்று. ஆனால் ஆக்சிஜன் சிக்கல் குறைந்ததே தவிர, கிருமித்தொற்றின் ஆபத்து நீங்கிவிடவில்லை. இதைப் பின்னர் விரிவாகக் காண்போம்.

மென்மையான லென்ஸ்கள்

கிட்டப்பார்வை, தூரப்பார்வை ஆகிய பொதுவான குறைகளுக்கு முதலில் பரிந்துரைக்கப்படுவது மென்மையான லென்ஸ். இதன் விட்டம் ஏறத்தாழ 14 மில்லிமீட்டர். கருவிழியைத் தாண்டி வெண்விழியின் ஓரத்தில் படியும். அணிந்த சில நிமிடங்களிலேயே உறுத்தல் மறைந்துவிடுவது இதன் சிறப்பு.

ஒரு நாள் அணிந்து எறிந்துவிடுபவை, இரு வாரங்களுக்கு உரியவை, மாதத்துக்கு உரியவை என இவை பல வகைப்படும். மாத லென்ஸ் என்றால் மாதம் முழுவதும் கண்ணிலேயே வைத்திருக்கலாம் என்று சிலர் எண்ணுகின்றனர். அது பிழை. பகலில் அணிந்து, இரவில் கழற்றிக் கழுவி, உறையைப் பிரித்த நாளிலிருந்து ஒரு மாதம் முடிந்ததும் எறிந்துவிட வேண்டும் என்பதே அதன் பொருள். பத்து நாட்கள் மட்டுமே அணிந்திருந்தாலும் இக்கணக்கு மாறாது. எப்போதாவது அணிபவர்களுக்கு ஒருநாள் லென்ஸே பாதுகாப்பானது. டப்பாவும் வேண்டாம், கழுவும் வேலையும் இல்லை.

கண்ணாடிச் சீட்டில் ‘சிலிண்டர்’ என்று குறிக்கப்படும் குறை உடையவர்களுக்கு, அதாவது கருவிழி ஒரு திசையில் கூடுதலாகவும் மற்றொரு திசையில் குறைவாகவும் வளைந்தவர்களுக்கு, டோரிக் என்னும் வகை உண்டு. இது கண்ணில் சுழன்றுவிடாமல் நிற்கும்படி அடிப்பகுதி சற்றுக் கனமாகவோ வேறு விதமாகவோ வடிவமைக்கப்பட்டிருக்கும். நாற்பதைக் கடந்து வெள்ளெழுத்து வந்தவர்களுக்குத் தூரத்துக்கும் அருகுக்கும் சேர்த்து மல்டிஃபோகல் லென்ஸ்கள் உள்ளன. ஒரு கண்ணைத் தூரத்துக்கும் மற்றொன்றை வாசிப்புக்கும் அமைக்கும் முறையும் உண்டு. இரவில் நெடுந்தூரம் வாகனம் ஓட்டுபவர்கள் இவ்விரண்டையும் முதலில் சில நாட்கள் சோதித்துப் பார்த்தபின்னரே முடிவு செய்ய வேண்டும். எதிரே வரும் விளக்குகளைச் சுற்றி ஒளிவட்டம் தெரிவதாகச் சிலர் கூறுவதுண்டு.

கண்ணாடிச் சீட்டு ஏன் போதாது?

‘போன மாதம்தான் பவர் பார்த்தேன், அதே பவரில் லென்ஸ் கொடுங்கள்’ என்று கேட்பவர்கள் உண்டு. கண்ணாடி கருவிழியிலிருந்து ஏறத்தாழ 12 மில்லிமீட்டர் தள்ளி நிற்கிறது. லென்ஸ் கருவிழியிலேயே அமர்கிறது. இத்தொலைவு மாறும்போது தேவைப்படும் பவரும் மாறுகிறது. கண்ணாடியில் மைனஸ் 8.00 உள்ளவருக்கு லென்ஸில் ஏறத்தாழ மைனஸ் 7.25 போதும். பிளஸ் பவரில் இது எதிர்த்திசையில் செல்லும்: கண்ணாடியில் பிளஸ் 10.00 என்றால் லென்ஸில் 11.00ஐத் தாண்டும். பவர் 4.00க்குக் குறைவாக இருப்பின் வேறுபாடு சிறியது.

பவர் மட்டுமன்றி, கருவிழியின் வளைவு, அகலம், கண்ணீரின் அளவு, இமையின் உட்புறம் ஆகியவற்றையும் பார்க்க வேண்டும். இமையின் உட்புறத்தில் ஒவ்வாமைக் கொப்புளங்கள் இருந்தால் அவற்றை ஆற்றிய பிறகே லென்ஸ் தரப்படும். லென்ஸை அணிவித்தபின் அது கண்சிமிட்டும்போது தேவையான அளவு அசைகிறதா என்றும் சோதிக்கிறோம். இறுகப் பற்றிய லென்ஸின் அடியில் கண்ணீர் தேங்கிப் பழையதாகிவிடும். கடையிலோ இணையத்திலோ பவர் எண்ணை மட்டும் சொல்லி வாங்கும்போது இச்சோதனைகளில் ஒன்றுகூட நடப்பதில்லை.

கூம்பு வடிவக் கருவிழியும் கடின லென்ஸும்

கெரட்டோகோனஸ் என்னும் நோயில் கருவிழி மெலிந்து, கூம்பு போல் முன்னே பிதுங்குகிறது. பெரும்பாலும் பதின்ம வயதில் தொடங்கி, முப்பதுகளில் மெல்ல நிலைகொள்ளும். ஒவ்வாமை அரிப்பால் கண்ணை ஓயாமல் கசக்கும் பழக்கம் இதனோடு நெருங்கிய தொடர்புடையது. ஆண்டுக்கு இருமுறை சிலிண்டர் பவர் மாறுவது, விளக்குகள் வால் முளைத்தாற்போல் தெரிவது, ஒரு கண்ணை மூடிப் பார்த்தாலும் எழுத்துகள் இரட்டையாகத் தெரிவது ஆகியவை இதன் அறிகுறிகள்.

இந்நிலையில் கண்ணாடி ஓரளவுக்கு மேல் உதவாது. மேடு பள்ளமான பரப்பை ஒரே சீரான கண்ணாடியால் ஈடு செய்ய இயலாது. மென்மையான லென்ஸும் ஈரத்துணி கல்லின் மேல் படிவதுபோல் அந்த மேடு பள்ளத்தையே தானும் ஏற்றுக்கொண்டுவிடும். ஆர்.ஜி.பி. எனப்படும் கடின லென்ஸ் அவ்வாறு வளைந்து கொடுப்பதில்லை. ஏறத்தாழ 9 அல்லது 10 மில்லிமீட்டர் விட்டமுள்ள இச்சிறு வட்டின் பின்புறத்துக்கும் கருவிழிக்கும் இடையே உள்ள பள்ளங்களைக் கண்ணீர் நிரப்புகிறது. கண்ணீரும் கருவிழியும் ஒளியை ஏறக்குறைய ஒரே அளவில் வளைப்பவை. எனவே ஒளிக்குக் கருவிழியின் கோணல் பெரும்பாலும் மறைந்து, லென்ஸின் வழுவழுப்பான முன்பரப்பே புதிய கருவிழியாகிவிடுகிறது. கண்ணாடியுடன் பலகையின் மேல்வரிகளைத் தாண்ட இயலாதவர், லென்ஸை வைத்த அன்றே கீழ்வரிகளை வாசிப்பதைக் காண்கிறோம்.

கடின லென்ஸ் முதலில் உறுத்தும் என்பதை மறைக்க வேண்டியதில்லை. இமையின் ஓரம் அதன் விளிம்பில் உரசுவதே காரணம். முதல் நாள் சில மணி நேரம், பின் நாள்தோறும் சிறிது கூடுதலாக என்று பழகினால் இரண்டு மூன்று வாரங்களில் பெரும்பாலோர்க்கு இது தணிந்துவிடும். அவ்வாறு பழக இயலாதவர்களுக்கு, நடுவில் கடினமாகவும் விளிம்பில் மென்மையாகவும் உள்ள கலப்பு லென்ஸையோ, மென்மையான லென்ஸின் மேல் கடின லென்ஸை வைக்கும் முறையையோ முயலலாம்.

பெற்றோர் அறிய வேண்டிய ஒன்று இங்கு உண்டு. லென்ஸ் பார்வையைத் திருத்துகிறது, நோயை நிறுத்துவதில்லை. ‘லென்ஸ் போட்டபின் நன்றாகத் தெரிகிறதே’ என்று பரிசோதனைக்கு வராமல் இருந்துவிட்டால் கூம்பு உள்ளுக்குள் வளர்ந்துகொண்டே போகலாம். நோய் முன்னேறுகிறதா என்பதைக் கருவிழி வரைபடச் சோதனை காட்டும். முன்னேறுகிறது எனில், ரைபோஃப்ளேவின் என்னும் பி2 வைட்டமின் சொட்டுகளை இட்டுப் புறஊதாக் கதிரைச் செலுத்தும் குறுக்கிணைப்புச் சிகிச்சையால் கருவிழியை உறுதிப்படுத்தலாம். அச்சிகிச்சை இருக்கும் நிலையைக் காப்பது. இழந்த பார்வையை முழுமையாக மீட்பது அதன் நோக்கமன்று. ஆதலால் அதற்குப் பின்னும் பலருக்கு லென்ஸ் தேவைப்படும்.

‘என் பிள்ளைக்குக் கருவிழியை மாற்ற வேண்டுமா, டாக்டர்?’ என்று தாய்மார்கள் அச்சத்தோடு கேட்கிறார்கள். கருவிழியின் நடுவே தழும்பு விழுந்தவர்க்கும், எந்த லென்ஸையும் தாங்க இயலாதவர்க்கும் மாற்று அறுவை தேவைப்படலாம். மற்றவர்களில் பெரும்பாலோர் பொருத்தமான லென்ஸுடன் படிப்பையும் வேலையையும் தொடர்கின்றனர். மாற்று அறுவை செய்துகொண்டவர்களிலும் ஒரு பகுதியினர்க்குத் தையல்களால் கருவிழி சீரற்றுப்போவதால், தெளிவான பார்வைக்கு மீண்டும் கடின லென்ஸே வேண்டியிருக்கிறது. எனவே அறுவையை லென்ஸிலிருந்து தப்பிக்கும் குறுக்குவழியாகக் கருத வேண்டாம்.

ஸ்கிளீரல் லென்ஸ்: கண்ணுக்கு ஒரு நீர்த்தொட்டி

கூம்பு மிகவும் முற்றியவர்களுக்கும் கண்ணின் மேற்பரப்பு வறண்டு புண்பட்டவர்களுக்கும் உரியது ஸ்கிளீரல் லென்ஸ். 15 முதல் 20 மில்லிமீட்டர் வரையிலோ அதற்குச் சற்று மேலோ விட்டமுள்ள இது, கருவிழியைத் தொடாமல் பாலம்போல் தாண்டி வெண்விழியின் மேல் அமர்கிறது. அணியும் முன் இதன் குழியில் பதப்படுத்தும் மருந்து கலக்காத சலைன் நிரப்பப்படும். நாள் முழுவதும் கருவிழி அந்நீரில் நனைந்தபடி இருக்கும்.

ஸ்டீவன்ஸ்-ஜான்சன் நோய்க்குறியால் பாதிக்கப்பட்டவர்களுக்கு இதன் அருமை தெரியும். சல்ஃபா மருந்துகள், வலிப்புக்குத் தரப்படும் சில மாத்திரைகள் போன்றவற்றுக்கு அரிதாக ஏற்படும் கடும் ஒவ்வாமை இது. தோல் கொப்பளித்து ஆறியபின்னும் கண்கள் வறண்டு, இமையின் உட்புறம் சொரசொரப்பாகி, ஒவ்வொரு சிமிட்டலும் கருவிழியைக் கீறிக்கொண்டே இருக்கும். ஸ்கிளீரல் லென்ஸ் அந்த இமைக்கும் கருவிழிக்கும் இடையே தடுப்பாக நின்று வலியையும் கூச்சத்தையும் குறைக்கிறது. பலருக்குப் பார்வையும் மேம்படுகிறது.

இதை அணியக் கற்றுக்கொள்ளப் பொறுமை வேண்டும். முகம் தரையை நோக்கிக் குனிந்திருக்க, சலைன் சிந்தாமல் லென்ஸை நேராக மேலே கொண்டுவர வேண்டும்; உள்ளே குமிழி அகப்பட்டால் கழற்றி மீண்டும் நிரப்ப வேண்டும். கழற்றுவதற்குச் சிறிய ரப்பர் உறிஞ்சி உண்டு. சில மணி நேரத்துக்குப் பின் நீர் கலங்கிப் பார்வை மங்கினால் கழற்றி, புதிய சலைனை நிரப்பி அணியலாம். முதுமையாலோ கைநடுக்கத்தாலோ இயலாதவர்களுக்கு வீட்டில் ஒருவர் இதைக் கற்றுக்கொள்ள வேண்டும். பயிற்சிக்கு வரும்போது அவரையும் அழைத்து வாருங்கள்.

பேண்டேஜ் லென்ஸ்

சில நேரங்களில் பவரே இல்லாத மென்மையான லென்ஸைக் கண்ணில் கட்டுப்போல் வைத்து அனுப்புகிறோம். குறுக்கிணைப்புச் சிகிச்சைக்குப் பின்னரும், பார்வைத் திருத்தத்துக்கான சில லேசர் முறைகளுக்குப் பின்னரும், கருவிழியின் மேல்தோல் அடிக்கடி உரிந்துவிடும் நோயிலும், கருவிழி நீர்கோத்துக் கொப்பளிக்கும் நிலையிலும் இது வலியைத் தணித்துப் புண் ஆற உதவுகிறது.

இந்த லென்ஸ் மட்டுமே இரவும் பகலும் கண்ணில் இருக்கும். மருத்துவரின் கண்காணிப்பும் கிருமிநாசினிச் சொட்டு மருந்தும் உடனிருப்பதால்தான் அதற்கு இடமளிக்கிறோம். குறித்த நாளில் வராமல் விட்டுவிடுவது ஆபத்து. லென்ஸ் தானே வெளியே விழுந்துவிட்டால் கழுவித் திரும்ப வைக்க வேண்டாம். சொட்டு மருந்தைத் தொடர்ந்தபடி மருத்துவமனைக்குத் தெரிவியுங்கள்.

குழந்தைகளுக்கு லென்ஸ்

பிறவிக் கண்புரை அகற்றப்பட்ட கைக்குழந்தையின் கண்ணில் ஒளியைக் குவிக்கும் உள்வில்லை இல்லை. தெளிவான உருவம் விழித்திரையில் விழாவிட்டால் மூளை அக்கண்ணைப் பயன்படுத்தக் கற்றுக்கொள்ளாது. அது சோம்பேறிக் கண்ணாகிவிடும். ஒரு கண்ணில் மட்டும் அறுவை நடந்திருந்தால் கண்ணாடி ஏற்றதன்று. அக்கண் காணும் உருவம் மற்றதைவிட ஏறத்தாழ கால் பங்கு பெரிதாகத் தோன்றும். இரண்டையும் மூளையால் இணைக்க இயலாது. லென்ஸில் இவ்வேறுபாடு பெருமளவு குறைகிறது.

உள்ளேயே செயற்கை வில்லையைப் பொருத்திவிட்டால் என்ன என்ற வினா எழும். ஏழு மாதத்துக்கு உட்பட்ட 114 குழந்தைகளிடம் அமெரிக்காவில் நடந்த ஆய்வின் ஐந்தாண்டு முடிவுகள் 2014இல் வெளிவந்தன. லென்ஸ் அணிந்த குழந்தைகளுக்கும் செயற்கை வில்லை பொருத்தப்பட்ட குழந்தைகளுக்கும் பார்வையில் குறிப்பிடத்தக்க வேறுபாடில்லை. ஆனால் வில்லை பொருத்தப்பட்டோர்க்கு மேலும் அறுவைகள் கூடுதலாகத் தேவைப்பட்டன. ஆதலால் மிகச் சிறு குழந்தைகளுக்கு லென்ஸ் நல்ல வழியாகக் கருதப்படுகிறது. கைக்குழந்தையின் உலகம் தாயின் முகமும் கையெட்டும் தொலைவும்தான். எனவே தொடக்கத்தில் அருகில் உள்ளவை தெளிவாகத் தெரியும்படி பவர் அமைக்கப்படும். வளர வளர அது மாற்றப்படும். லென்ஸோடு, நல்ல கண்ணை மருத்துவர் சொல்லும் நேரம் மூடிவைப்பதும் சிகிச்சையின் பாதி. குழந்தை அழுகிறதே என்று பாட்டியும் தாத்தாவும் மனமிளகி அதைக் கழற்றிவிடுவது இயல்பு. மூடப்படாத ஒவ்வொரு நாளும் அந்தக் கண்ணுக்கு இழப்பு என்பதை வீட்டில் அனைவரும் அறிந்திருக்க வேண்டும்.

பள்ளிப் பிள்ளைகளின் கிட்டப்பார்வை விரைந்து ஏறுவதைக் குறைக்கவும் லென்ஸ்கள் உள்ளன. பகலில் அணியும் சிறப்பு ஒருநாள் லென்ஸ் ஒன்றுக்கு, 8 முதல் 12 வயதில் தொடங்குவதற்காக, அமெரிக்காவின் எஃப்.டி.ஏ. 2019இல் ஒப்புதல் அளித்தது. இரவில் அணிந்து காலையில் கழற்றும் ஆர்த்தோ-கே லென்ஸ் கருவிழியைத் தற்காலிகமாகத் தட்டையாக்கிப் பகலில் கண்ணாடியின்றிப் பார்க்க உதவும். இரண்டும் ஏறும் வேகத்தைக் குறைப்பவை. ஏறியதை இறக்குபவை அல்ல. இரவில் அணிவதால் ஆர்த்தோ-கே முறையில் தொற்றுக்கான கவனம் இரட்டிப்பாக வேண்டும். இதே நோக்கத்துக்குச் சிறப்புக் கண்ணாடிகளும் குறைந்த அளவு அட்ரோபின் சொட்டும் உண்டு. தூய்மைப் பழக்கம் கைவராத பிள்ளைக்கு அவையே ஏற்றவை.

பூ விழுந்த கண்ணுக்கு நிற லென்ஸ்

புண் ஆறியபின் கருவிழியில் வெண்தழும்பு தங்குவதைக் கண்ணில் பூ விழுந்தது என்கிறோம். பார்வை மீள வாய்ப்பில்லாத கண்ணில், மற்றக் கண்ணின் நிறத்துக்கேற்ப அச்சிட்ட லென்ஸை அணிந்தால் தழும்பு மறைந்துவிடும். நேர்முகத் தேர்வுக்குச் செல்லும் இளைஞருக்கு அது தரும் தன்னம்பிக்கை சிறியதன்று. இரட்டைப் பார்வையால் துன்புறுவோர்க்கு நடுப்பகுதி கருமையான லென்ஸ் ஒரு கண்ணின் பார்வையை மறைத்து உதவும்.

விழாக்களுக்காகக் கடையில் வாங்கி அணியும் நீல, பச்சை லென்ஸ்களும் இதே கருவிழியின் மேல்தான் அமர்கின்றன. பவர் இல்லை என்பதால் ஆபத்தும் இல்லை என்று எண்ண வேண்டாம். தோழிகள் ஒரே லென்ஸை மாற்றி மாற்றி அணிவது கிருமியைப் பகிர்ந்துகொள்வதாகும்.

தொற்று: எதற்கு அஞ்ச வேண்டும்?

பகலில் மட்டும் மென்மையான லென்ஸ் அணிவோரில் ஆண்டுக்குப் பத்தாயிரம் பேரில் ஏறத்தாழ 2 முதல் 4 பேர் கருவிழித் தொற்றுக்கு ஆளாகிறார்கள் என்று அமெரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் நடந்த ஆய்வுகள் காட்டியுள்ளன. லென்ஸோடு உறங்குபவர்களிடம் அது ஏறத்தாழ 20 ஆகிறது. எண்ணிக்கை சிறியதே. ஆனால் சூடோமோனாஸ் என்னும் பாக்டீரியா ஓரிரு நாட்களிலேயே கருவிழியைக் கரைத்துவிடும் வலிமை கொண்டது. ஆறினாலும் தழும்பு மிஞ்சும்.

தண்ணீரில் வாழும் அக்காந்தமீபா என்னும் ஒற்றைச் செல் உயிரி மற்றோர் எதிரி. குழாய்நீர், கிணறு, குளம், மாடியில் உள்ள தொட்டி, நீச்சல் குளம் ஆகிய எங்கும் அது இருக்கலாம். கூடுகட்டிக்கொண்ட நிலையில் குளோரினையும் தாங்கும். கண்ணில் காணும் சிவப்புக்குப் பொருந்தாத அளவுக்குக் கடும் வலி இதன் அடையாளம். சிகிச்சை பல மாதங்கள் நீளும். எனவே லென்ஸையும் டப்பாவையும் எந்தத் தண்ணீரிலும் கழுவக் கூடாது. ஆர்.ஓ. நீரும், கேன் தண்ணீரும், காய்ச்சி ஆறவைத்த நீரும், வீட்டில் உப்பிட்டுச் செய்த கரைசலும் லென்ஸ் திரவத்துக்கு மாற்றாகா. லென்ஸோடு குளிப்பதையும் நீந்துவதையும் தவிர்க்க வேண்டும்.

நாள்தோறும் செய்ய வேண்டியவை

சோப்பால் கைகளைக் கழுவி, நூல் உதிராத துணியில் ஈரம் முற்றும் போகத் துடைத்தபின் லென்ஸைத் தொடுங்கள். மிளகாய் நறுக்கிய கையைக் கழுவினாலும் காரம் விரலில் தங்கும். காலையில் சமையலுக்கு முன்பே லென்ஸை அணிந்துவிடுவது நல்லது. கண்மை இடுவதற்கு முன் லென்ஸை அணியுங்கள். அதைக் கலைப்பதற்கு முன் லென்ஸைக் கழற்றுங்கள்.

கழற்றிய லென்ஸை உள்ளங்கையில் வைத்து, திரவத்தை விட்டு விரலால் மெல்லத் தேய்த்து அலசுங்கள். டப்பாவில் எஞ்சிய பழைய திரவத்தின் மேல் புதியதை ஊற்றாதீர்கள். முழுவதையும் கொட்டிவிட்டுப் புதிதாக நிரப்புங்கள். காலையில் காலி டப்பாவைத் திரவத்தால் அலசி, கவிழ்த்துக் காயவையுங்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை டப்பாவை மாற்றுங்கள். ஹைட்ரஜன் பெராக்சைடு வகைத் திரவம் பயன்படுத்துவோர் அதற்குரிய தனி டப்பாவில், குறித்த நேரம் முழுவதும் ஊறவைத்த பிறகே அணிய வேண்டும்; அதை நேரடியாகக் கண்ணில் விட்டால் கருவிழி எரிந்துபோகும். கடின லென்ஸுக்கும் மென்மையான லென்ஸுக்கும் திரவங்கள் வெவ்வேறு.

லென்ஸ் கண்ணுக்குப் பின்னே போய்விடுமோ என்று சிலர் அஞ்சுகின்றனர். இமைக்கும் வெண்விழிக்கும் இடையே உள்ள சவ்வு மடிந்து மூடியிருப்பதால் அதற்கு வழியே இல்லை. மேல் இமைக்கடியில் ஒதுங்கியிருந்தால் கீழே பார்த்து மெல்லத் தேடலாம். கிடைக்காவிடில் நேரில் வாருங்கள்.

நீரிழிவு உள்ளவர்கள், கண் வறட்சி உள்ளவர்கள், தூசியிலும் ரசாயனப் புகையிலும் வேலை செய்பவர்கள் லென்ஸ் கேட்கும்போது இவற்றை முன்கூட்டியே சொல்ல வேண்டும். காய்ச்சல், சளி, கண்வலி உள்ள நாட்களில் லென்ஸை ஒதுக்கிவையுங்கள். இதற்காகவே லென்ஸ் அணியும் ஒவ்வொருவரிடமும், கண்ணாடி ஓரளவேனும் உதவுமானால், அன்றைய பவரில் ஒரு கண்ணாடியும் இருக்க வேண்டும். கண்ணாடி இல்லாதவர்தான் சிவந்த கண்ணிலும் லென்ஸை வைத்துக்கொண்டு அலுவலகம் செல்வார்.

எப்போது உடனே வர வேண்டும்?

கண் சிவத்தல், வலி, வெளிச்சத்தில் கூச்சம், பார்வை மங்கல், பீளை, கருவிழியில் வெள்ளைப் புள்ளி ஆகியவற்றுள் ஒன்று தோன்றினாலும் முதலில் லென்ஸைக் கழற்றுங்கள். சற்றுத் தணிந்ததுபோல் இருந்தாலும் திரும்ப அணிய வேண்டாம். அன்றே கண் மருத்துவரைப் பாருங்கள். ஞாயிறு என்றோ இரவு என்றோ தள்ளிப்போடாதீர்கள். கழற்றிய லென்ஸையும் டப்பாவையும் திரவப் புட்டியையும் எறியாமல் கொண்டுவாருங்கள். எந்தக் கிருமி என்பதைக் கண்டறிய அவை உதவும்.

தாய்ப்பால், நந்தியாவட்டைச் சாறு, விளக்கெண்ணெய் ஆகிய எதையும் அக்கண்ணில் விட வேண்டாம். மருந்துக்கடையில் தாமாகக் கேட்டு வாங்கும் சொட்டு மருந்துகளில் ஸ்டீராய்டு கலந்திருந்தால் சிவப்பு தணியும், வலியும் குறையும். கிருமியோ தடையின்றிப் பெருகும். பூஞ்சைத் தொற்றில் இது மிகவும் கொடியது.

அடுத்த முறை லென்ஸ் பரிசோதனைக்கு வரும்போது பழைய சீட்டு, தற்போதைய லென்ஸின் உறை, டப்பா, திரவம் ஆகியவற்றை உடன் கொண்டுவாருங்கள். நீங்கள் வழக்கமாகக் கழற்றிக் கழுவி வைப்பதை எங்கள் முன்னிலையில் ஒருமுறை செய்து காட்டுங்கள். பரிசோதனைக் கருவிகளுக்குத் தென்படாத குறையும் அப்போது தெரியவரும். அதை அங்கேயே சரிசெய்துவிடலாம்.